எட்டு மாதம் குறைந்த பென்சன்

நீண்ட பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள். பொலிஸ் என்ற சொல்லைக் கண்டதும் தாண்டிப் போகவேண்டாம். கடைசியில் உங்கள் வீட்டு அலுமாரியோடும் ஒரு அலுவல் இருக்கிறது.

போன திங்கட்கிழமை காலை குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்குக் காத்து நின்றோம். சோளகம் பிடித்திருந்ததால் படகு பிந்திவிட்டது. என்னிடம் முன்பு படித்த பொடியன் ஒருவன் பக்கத்தில் வந்தான். உயர்தரம் முடித்து இரண்டு வருடமாக வேலை தேடுகிறவன்.

"டீச்சர், பொலிஸுக்குப் போடப்போறன். போம் நிரப்பித் தருவீங்களே?"

நான் வாய் திறக்க முதல், நெடுந்தீவுக்குப் போக நின்ற ஒரு பெரியவர் சொன்னார். "பொலிஸுக்கோ? போ தம்பி, போ. வாங்கிறதையும் வாங்கிப்போட்டு, வயசு போக முந்தியே பென்சனையும் எடுத்துக்கொண்டு வரலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். "அவங்களுக்கு என்னத்துக்குப் பென்சன்?" என்றார் இன்னொருவர். பொடியன் அதையும் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டான். "ஓம் டீச்சர், இருவது வருசம் காணுமாம். நாப்பதில வீட்ட வந்து கடை போட்டிடலாம்."

நானும் சிரித்தேன். படகில் ஏறி இருந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு எனக்குக் கசந்தது. உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். என் வாப்பா ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள். இந்தத் தீவுப் பக்கத்தில்தான் கூடுதலான காலம் வேலை செய்தார். அவருக்குப் பென்சன் கிடைக்கவில்லை.

வாப்பா 1977 தை மாதம் சேவையில் சேர்ந்தார். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் தையலும் இரும்புக்கடையுமாக இருந்த குடும்பத்தில் முதல் அரசாங்க உத்தியோகம் அவருடையது. கடை வியாபாரத்தில் கிடைப்பதைவிடச் சம்பளம் குறைவுதான். ஆனால் பென்சன் உண்டு என்பதற்காகவே மூத்தப்பா அவரை அனுப்பினாராம்.

அந்தக் காலத்தில் தீவுகளுக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் என்னென்ன சாமான் இரவோடிரவாக வந்துபோனது என்று மூத்தவர்களுக்குத் தெரியும். சேலை, சறம், சவுக்காரம். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் போதும், ஒரு கான்ஸ்டபிளின் இரண்டு மாதச் சம்பளம் ஓர் இரவில் வந்துவிடும். ஒருமுறை ஒருவர் காசைக் கடதாசியில் சுற்றி, கருவாட்டுப் பொதிக்குள் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்தாராம். வாப்பா பொதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னதை உம்மா இன்றைக்கும் சொல்லுவார்.

"இது ஒரு ராத்திரிக் காசு. பென்சன் சாகுமட்டும் வாற காசு. இதுக்காக அதை விடேலாது."

அவர் மார்க்கத்தைப் பற்றியோ நேர்மையைப் பற்றியோ பெரிதாகப் பேசுகிறவர் இல்லை. பிடிபட்டு வேலையிலிருந்து நீக்கினால் பென்சன் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பயம் ஒரு சாதாரண மனிதனை நேராக வைத்திருந்தது. இதை நான் குறைவாகச் சொல்லவில்லை. நம்மில் பலர் நேராக இருப்பது இப்படிப்பட்ட சிறிய காரணங்களால்தான்.

பிறகு காலம் கெட்டது. 1978 சித்திரையில் இன்ஸ்பெக்டர் பஸ்தியாம்பிள்ளை முருங்கன் காட்டில் கொல்லப்பட்டதிலிருந்தே தமிழ் பேசும் பொலிஸ்காரர் வீட்டுக்குள் பயம் வந்துவிட்டது. 1984 கார்த்திகையில் சாவகச்சேரி பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. அடுத்த வருடம் குடாநாட்டில் பொலிஸ் நிலையம் என்பதே பேருக்குத்தான் இருந்தது. யூனிபோமைப் பைக்குள் வைத்துக்கொண்டு சாரத்தோடு பஸ் ஏறிப் போவாராம் வாப்பா.

1985 மே 15. குமுதினிப் படகைப் பற்றி இந்தத் தீவு மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கிழமை வாப்பா வேலையில் இருந்தார். என்ன பார்த்தார் என்று எங்களிடம் சாகும்வரை சொல்லவில்லை. அதற்குப் பிறகு தெரிந்த சனம்கூட அவருடைய முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்று மட்டும் ஒருமுறை சொன்னார். வெட்டியது கடற்படை. ஆனால் காக்கியும் வெள்ளையும் சனத்துக்கு ஒன்றுதான். அது பிழை என்றும் நான் சொல்லமாட்டேன்.

ஒரு பக்கம் இயக்கத்திலிருந்து வேலையை விடச்சொல்லிக் கடிதம். மறுபக்கம் கூட வேலை செய்தவர்களே இவரைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அப்படியும் ஒரு வருடம் இழுத்தார். 1986 மே மாதம் நோன்புக்கு லீவில் வீட்டுக்கு வந்தவர், பெருநாள் முடிந்தும் திரும்பிப் போகவில்லை.

விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள். ஒன்பது வருடமும் நாலு மாதமும்.

இலங்கையில் அரச ஓய்வூதியத்தை ஆளுகிற ஆவணத்துக்கு ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு என்று பெயர். அதன்படி ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருடச் சேவை வேண்டும். வாப்பாவுக்கு எட்டு மாதம் குறைவு. அதைவிடப் பெரிய இடி, அவர் ஓய்வு பெறவில்லை, விலகல் கடிதமும் கொடுக்கவில்லை. சொல்லாமல் நின்றவர். அதற்கு அரசாங்கப் பாஷையில் பதவி வறிதாக்கல் என்று பெயர். அந்தக் கடிதம் இரண்டு மாதத்தில் வீட்டுக்கு வந்தது. பொலிஸ் நிலையத்துக்குப் போக வழியில்லாத காலத்திலும் தபால்காரர் வந்துபோனார் பாருங்கள்.

அதன்பிறகு வாப்பா சொந்தக்காரர் ஒருவரின் இரும்புக்கடையில் கணக்கு எழுதினார். 1990 மாசியில் நான் பிறந்தேன். ஒக்டோபர் 30ஆம் திகதி எங்களை இரண்டு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். எனக்கு அப்போது எட்டு மாதம். உம்மா என்னைத் தூக்கினார், வாப்பா பால்மாவும் ஒரு பாயும் எடுத்தார். நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், விவாகப் பதிவு எல்லாம் இருந்த தகரப் பெட்டி கட்டிலுக்குக் கீழேயே இருந்துவிட்டது. திரும்பி வரலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நாங்கள் வந்து பார்த்தது 2011இல். கட்டிலும் இல்லை, கூரையும் இல்லை.

புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்துகொண்டு 1996இல் வாப்பா ஒரு முறையீடு எழுதினார். உயிருக்குப் பயந்து நின்றேன், நாட்டில் எங்கே என்றாலும் மிச்ச எட்டு மாதத்தையும் வேலை செய்து தருகிறேன், பத்து வருடத்தைப் பூர்த்தியாக்க விடுங்கள் என்று. இரண்டு பதில் வந்தன. முதலாவது, உங்களுடைய கோவையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டாவது, உங்களுடைய கோவையின்படி நீங்கள் பதவியை வறிதாக்கியவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாப்பா சிரித்தார். அந்த இரண்டு கடிதமும் இப்போது என்னிடம் இருக்கின்றன. எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. எழுதியவர்களும் இப்போது பென்சனில் இருப்பார்கள்.

அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தாள். கல்முனைப் பக்கத்தைச் சேர்ந்தவள். அவளுடைய வாப்பாவும் பொலிஸ். 1990 ஜூன் 11ஆம் திகதி கிழக்கில் பொலிஸ் நிலையங்களில் இருந்தவர்களைச் சரணடையும்படி மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது. இயக்கத்திடம் சரணடைந்த சுமார் 600 பொலிஸார் கொல்லப்பட்டார்கள். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எல்லாரும் அதில் இருந்தார்கள். அவளுடைய வாப்பாவும் ஒருவர். கடமையில் இறந்தவர் என்பதால், அவருக்கு 55 வயது ஆகியிருக்கும் நாள்வரை அவருடைய சம்பளமும், பிறகு ஓய்வூதியமும் என்று அவளுடைய உம்மாவுக்கு வந்துகொண்டிருந்தது. அதில்தான் நாலு பிள்ளைகளும் படித்தார்கள்.

ஒருநாள் விடுதியில் அவள் சொன்னாள். "எங்கட உம்மாவோட வாப்பா ஆறு வருசம்தான் இருந்தாரு. அவர்ர பென்சன் இருவது வருசத்துக்கு மேலயா எங்களோட இருக்கு."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பொறாமை என்று சொல்ல வெட்கம். ஆனால் அதுதான். என் வாப்பா உயிரோடு இருந்தார். செத்திருந்தால் எங்களுக்கும் கிடைத்திருக்கும் என்று ஒரு பிள்ளை நினைக்கிற அளவுக்கு ஒரு சட்டம் கணக்குப் பார்க்கிறது. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

வாப்பா 2015இல் மவுத்தானார். அடுத்த வருடம் எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. "பென்சன் உள்ள வேலை மகள்" என்று கல்லூரிக்கு அனுப்பும்போது சொன்னவர் அவர். கடிதத்தைப் பிரித்து வாசித்தேன். 2016 ஜனவரிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு வழமையான ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் ஒன்று வரும் என்று ஒரு வாசகம் அதில் இருந்தது. நல்லகாலம் வாப்பா இதைப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். நினைத்ததற்காகப் பிறகு அழுதேன். பின்னர் வந்த அரசாங்கம் அந்த வாசகத்தை மாற்றியது என்பது வேறு கதை.

இப்படித்தான் அது மாறிக்கொண்டே இருக்கும். 2021 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஓய்வு வயதை 65 என்றார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, திரும்ப 60 என்றார்கள். 2022 டிசம்பர் 31ஆம் திகதியோடு எத்தனை ஆயிரம் பேர் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள் என்று நாம் பார்த்தோம். கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் 2003 ஏப்ரலுக்குப் பிறகு அரசு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்தை நிறுத்தி, ஆசிரியர்களும் மற்ற ஊழியர்களும் வருடக்கணக்காகப் போராடினார்கள்.

ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் முதலாவது பிரிவே என்ன சொல்கிறது தெரியுமா? அரச ஊழியருக்கு ஓய்வூதியத்தின் மேல் முழுமையான உரிமை எதுவும் கிடையாது என்கிறது. முப்பது வருடம் வேலை வாங்கிவிட்டு, தருவது எங்கள் தயவு என்று சொல்வதைப் போன்ற வாசகம். அதை முதன்முதலில் வாசித்தபோது வாப்பாவின் கருவாட்டுப் பொதிதான் நினைவுக்கு வந்தது. அவர் அதைத் திருப்பிக் கொடுத்தது உரிமை என்று நம்பித்தான்.

இப்போது இறங்குதுறையில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "அவங்களுக்கு என்னத்துக்குப் பென்சன்?"

கேட்டவரில் எனக்குக் கோபமில்லை. பொலிஸின் அடியும் ஏச்சும் தெரிந்த சனம் நாம். நமது முறைப்பாட்டை நமக்குத் தெரியாத பாஷையில் எழுதிவிட்டு, கீழே கையெழுத்து வை என்பார்கள். அது நமக்குப் புதிதில்லை. ஆனால் பென்சன் என்பது நல்ல பிள்ளைக்குக் கொடுக்கும் பரிசு இல்லை. வேலை செய்த காலத்தில் கொடுக்காமல் பிடித்து வைத்த சம்பளம். பிழை செய்த பொலிஸை விசாரித்துத் தண்டிக்க வேண்டும், வேலையிலிருந்து நீக்க வேண்டும். அதை விட்டுவிட்டு எல்லாருடைய முதுமையையும் வெறுங்கையாக்கினால், அடுத்த கான்ஸ்டபிள் கருவாட்டுப் பொதியைத் திருப்பிக் கொடுக்க என்ன காரணம் மிஞ்சும்?

வருடத்தை மட்டும் எண்ணுகிற கணக்கு யாரையும் விடுவதில்லை என்பதையும் பாருங்கள். 2016 நவம்பரில் கொழும்புக் கோட்டையில் ஊனமுற்ற படைவீரர்கள் தெருவில் இருந்தார்கள். 12 வருடச் சேவை முடியமுன் காயப்பட்டு வெளியேறியவர்களுக்கு வாழ்நாள் ஓய்வூதியம் இல்லை என்பதுதான் அவர்களுடைய முறைப்பாடு. காலில்லாத அந்த மனிதர்கள் மேல் பொலிஸ் தண்ணீர் அடித்தது. அந்தப் படத்தைப் பார்த்தபோது அவர்களுக்காக வருந்துவதா என்று எனக்கு உடனே தெரியவில்லை. நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள். ஆனால் குழாயைப் பிடித்து நின்ற கான்ஸ்டபிளின் முகத்தைப் பார்த்தேன். அவனும் தன் வருடங்களை எண்ணிக்கொண்டு நிற்கிறவன்தானே.

அந்தப் பொடியனுக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். இருபது வருடம், இருபத்திரண்டு வருடம் என்று இறங்குதுறையில் கேட்பதை நம்பி வாழ்க்கையைத் திட்டம் போடாதே. முப்படையில் சாதாரணச் சிப்பாய்க்கு 22 வருடம் என்ற கணக்கு இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுப் பொலிஸுக்கும், ஆசிரியருக்கும், கிளாக்கருக்கும் அதே என்று பேசுகிறார்கள். வேலையை விட்டு விலகுவது வேறு, ஓய்வு பெறுவது வேறு, பென்சன் காசு கையில் வரத் தொடங்குவது வேறு. மூன்றும் ஒரே நாளில் நடக்கவேண்டும் என்றில்லை. சுற்றறிக்கையைக் கையில் எடுத்து, திகதியைப் பார்த்து வாசி. விளங்காவிட்டால் என்னிடம் கொண்டு வா.

மற்றவர்களுக்கும் சில விஷயங்கள். அரச சேவையில் இருக்கிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், அவர்களுடைய மனைவிமார், பிள்ளைகள் எல்லாருக்கும்.

நியமனக் கடிதம், நிரந்தரமாக்கிய கடிதம், இடமாற்றக் கடிதங்கள் மூன்றும் எங்கே இருக்கின்றன என்று இன்றைக்கே பாருங்கள். போட்டோக் கொப்பி எடுத்து இன்னொரு வீட்டில், முடிந்தால் இன்னொரு ஊரில் வையுங்கள். போனிலும் படம் எடுத்து வையுங்கள். நாம் எத்தனைமுறை இடம்பெயர்ந்த சனம் என்பதை மறக்கவேண்டாம்.

விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத் திட்டம், அதாவது டபிள்யூ அன்ட் ஓ.பி. இது 1898ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருவது. பெண் ஊழியர்களும் பங்களித்து, தமக்குப் பிறகு கணவருக்கும் பிள்ளைகளுக்கும் வரும்படி 1983இல் தனிச்சட்டம் வந்தது. சம்பளச் சிட்டையில் மாதாமாதம் இதற்குக் கழிக்கிறார்கள். உங்களுடைய இலக்கம் என்ன என்று தெரியுமா? மனைவிக்குத் தெரியுமா? கழிக்கிறார்கள் என்பதால் எல்லாம் பதிந்தாயிற்று என்று இருக்கவேண்டாம். கல்யாணத்தையும் பிள்ளைகளின் பிறப்பையும் நீங்கள்தான் அறிவிக்க வேண்டும்.

எங்கள் சமூகத்தாருக்குத் தனியாக ஒன்று. நிக்காஹ் முடிந்தால் மார்க்கப்படி கல்யாணம் முடிந்தது. எங்கள் விவாகச் சட்டத்தின்படியும் பதியாததால் கல்யாணம் செல்லாமல் போகாது. ஆனால் பென்சன் மேசையில் கேட்பது சான்றிதழ். பள்ளிவாசலில் நூறு பேர் பார்த்தார்கள் என்று அங்கே சொல்லமுடியாது. யுத்த காலத்தில் கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்ட தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே கதைதான்.

பெயர் எழுத்து. முகம்மது, முஹம்மத், மொகமட் என்று ஒரே மனிதன் அடையாள அட்டையில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று. கந்தசாமிக்கும் மூன்று மொழியில் மூன்று விதம். உயிரோடு இருக்கும்போது திருத்துவது ஒரு நாள் வேலை. இறந்தபிறகு அதே வேலைக்கு மனைவி ஒரு வருடம் படகில் போய்வர வேண்டும்.

எந்தக் கஷ்டம் வந்தாலும் சொல்லாமல் நிற்கவேண்டாம். ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டை வைத்திருங்கள். வாப்பா செய்யாமல் விட்டது அது ஒன்றுதான்.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது பொடியன் மட்டும் இல்லை. கிழமை நாட்களில் உம்மாவும் நானும் நயினாதீவில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு ஆச்சிக்குத் தபால் சேவகராக இருந்த கணவரின் பென்சன் வருகிறது. வருடத் தொடக்கத்தில் ஆச்சி தான் உயிரோடு இருக்கிறேன் என்ற சான்றிதழில் ஜி.எஸ்.இடம் கையெழுத்து வாங்கவேண்டும். ஆச்சிக்குக் கண் தெரியாது. உம்மாதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். இந்த வருடம் போய் வந்த அன்று பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது உம்மா சிரித்தபடி கேட்டார்.

"நானும் உயிரோடதான் இருக்கிறன் எண்டு ஆரிட்ட போய்ச் சொல்லுறது மகள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

பொடியன் புதன்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தான். போம் நிரப்பினோம். அவனுடைய பெயரை அடையாள அட்டையைப் பார்த்து எழுத்து எழுத்தாக எழுதினேன். நம்முடைய பிள்ளைகள் பொலிஸில் இருந்தால்தான் நம்முடைய முறைப்பாட்டை நமது பாஷையில் எழுத ஒருவர் இருப்பார். நாலு கொப்பி எடுக்கச் சொன்னேன். ஒன்றை என்னிடம் வைத்திருக்கிறேன். உம்மா அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "கருவாட்டுக்குள்ள ஆரும் காசு வைச்சுத் தந்தா வாங்காத மகன்" என்றார். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்தப் பதிவை வாசித்தால் விளங்கும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு கோவை கிடந்தால், அது பொலிஸோ, ஆசிரியரோ, தபாலோ, ஆஸ்பத்திரியோ, எடுத்துக்கொண்டு வாருங்கள். சனி, ஞாயிறு தவிர்ந்த நாட்களில் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு நான் வீட்டில் இருப்பேன். கடிதம் எழுதித் தருகிறேன். வாப்பாவுக்காக ஒரு துஆ செய்யுங்கள், அது போதும்.